கதவு திறந்த கோயில், கதவு சாத்திய கோயில்

ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் மெரினா, வண்டலூர், தி.நகர் என்று பட்டியலோடுதான் ரயிலை விட்டு இறங்குவார்கள். தங்குவது பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டில். ஆனால் இந்தப் பக்கம் பார்க்க என்ன இருக்கிறது என்று எங்களையே கேட்பார்கள். அவர்களை அரை நாள் பிடித்து வைத்து நான் கூட்டிப் போகும் இடங்கள் எல்லாமே எங்கெங்கிருந்தோ கப்பலிலும் வண்டியிலும் வந்தவர்கள் எழுப்பிய வழிபாட்டு இடங்கள். ஆர்மீனியர்கள் கட்டியது, பார்சிகள் கட்டியது, ராஜஸ்தான், குஜராத்திலிருந்து வந்த ஜெயின்கள் கட்டியது.

எனக்கு வேலை ஆண்டர்சன் தெருவில், காகித மொத்தக் கடையில் கணக்குப் பார்ப்பது. முதலாளி மார்வாடி ஜெயின். பாரிமுனையில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த இடங்களெல்லாம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நடந்துபோய் வரும் தூரம். அப்படிப் போய்ப் போய் எனக்குள் ஊறிப்போன எண்ணம் ஒன்று உண்டு. வந்தவர்கள் எல்லாரும் போய்விட்ட இடத்தில் கதவு விரியத் திறந்திருக்கிறது, யார் வேண்டுமானாலும் போகலாம். கொஞ்சம் பேர் மிச்சமிருக்கும் இடத்தில் கதவு சாத்தியிருக்கிறது. நிறையப் பேர் இருக்கும் இடத்தில் கதவும் திறந்திருக்கும், விதிமுறையும் நிறைய இருக்கும். எந்தக் கதவுக்கு முன்னால் எப்படி நிற்பது என்று தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது.

முதலில் ஆர்மீனியர் கோயில், அதாவது ஆர்மீனியக் கிறிஸ்தவர்களின் தேவாலயம். உயர் நீதிமன்றத்துக்கு எதிரே என்.எஸ்.சி. போஸ் சாலையிலிருந்து பிரியும் தெரு. பழைய ஆட்டோக்காரர்களுக்கு 'அரண்மனைக்காரன் தெரு' என்றால்தான் சட்டென்று புரியும். மண்ணடி மெட்ரோவில் இறங்கியும் நடக்கலாம். தெரு முழுக்க லாரியும் தள்ளுவண்டியும் பார்சல் மூட்டையுமாக இருக்கும். அந்த இரைச்சலுக்கு நடுவே பெரிய மரக்கதவு ஒன்று. உள்ளே காலெடுத்து வைத்ததும் நாம் நிற்பதே கல்லறைமேல்தான். முற்றத்திலும் தாழ்வாரத்திலும் பதித்திருக்கும் கற்கள் எல்லாம் ஆர்மீனிய எழுத்து செதுக்கிய சமாதிக் கற்கள். மிதிக்காமல் நடக்கலாம் என்று பார்த்தால் பல இடத்தில் முடியாது. என் அத்தை செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கல்லுக்கும் நெற்றியைத் தொட்டுக்கொண்டே நடந்தார். அங்கே யாரும் செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை, கழற்ற வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

இந்தக் கோயில் முதலில் 1712-ல் எழுந்தது. இப்போது நிற்கும் கட்டடம் 1772-ஐச் சேர்ந்தது. பட்டு, ரத்தினக் கல், மசாலா வியாபாரத்துக்குப் பாரசீகத்தின் ஜுல்ஃபா பக்கமிருந்து வந்தவர்கள் கட்டியது. இவர்களில் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்பவர் 1726-ல் அடையாறுக்குக் குறுக்கே மர்மலாங் பாலம் கட்டினார். பரங்கிமலைக்குப் படிக்கட்டு போட்டுக் கொடுத்ததும் அவர்தான். இன்று அதே இடத்தில் நிற்கும் மறைமலையடிகள் பாலத்தில் தினமும் நெரிசலில் மாட்டுபவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்!

நாள் முழுக்கக் காகிதத்தோடு மல்லுக்கட்டும் எனக்கு இங்கே முக்கியமானவர் வேறொருவர். ஷிராஸில் பிறந்து இந்தக் கோயிலில் பாதிரியாராக இருந்த ஹருத்யூன் ஷ்மவோன்யன். உலகத்தில் ஆர்மீனிய மொழியின் முதல் பத்திரிகை 'அஸ்தரார்'. அது 1794-ல் வெளிவந்தது நம் சென்னையில், வெளியிட்டவர் இவர். இவரையும் இங்கேதான் புதைத்திருக்கிறார்கள். ஒரு மொழியின் முதல் பத்திரிகை அச்சான ஊரில், அந்த மொழி பேச இன்றைக்கு ஆள் இல்லை.

ஆகவே வழிபாடு என்று பார்த்தால் இங்கே பெரிதாக ஒன்றும் கிடையாது. வாராவாரம் பூசை இல்லை. கோயில் நிர்வாகம் கொல்கத்தாவில் இருக்கும் ஆர்மீனியர்களிடம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு மணி மட்டும் அடிக்கும். மணிக்கூண்டு கோயிலை ஒட்டித் தனியாக நிற்கிறது. அதில் ஆறு மணிகள். இரண்டு மணிகள் 1837-ல் லண்டனில் தாமஸ் மியர்ஸ் என்பவர் வார்த்தவை. இன்னொன்று 1778-ஐச் சேர்ந்தது. ஷாஹமீர் என்ற பெரிய வணிகரின் இளைய மகன் எலியாசர் 19 வயதில் இறந்துபோக, அவன் நினைவாகச் செய்தது. கோயிலைக் கவனித்துக்கொள்பவர் கயிற்றைப் பிடித்து இழுக்கும்போது முதலில் ஒரு முனகல்தான் கேட்கும். மணி ஆடி வேகம் பிடித்த பிறகே நாக்கு விளிம்பில் மோதும். அதன்பின் மரப்படிக்கட்டில் கைவைத்தால் அதிர்வது விரலில் தெரியும்.

இங்கே போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது: மதியம் தாண்டினால் கதவைச் சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள். வாசலில் இருப்பவரிடம் இரண்டு நிமிடம் பேசிவிட்டு உள்ளே நுழையுங்கள். எந்தக் கல் யாருடையது என்று புத்தகத்தில் தேடுவதைவிட அவரிடம் கேட்பது சுலபம். கல்லறைமேல் உட்கார்ந்து போட்டோ எடுக்கும் கல்யாண ஜோடிகளை நானே பார்த்திருக்கிறேன். அந்தக் கல்லுக்குக் கீழே இருப்பவருக்கு இங்கே கேட்க நாதியில்லை என்பதால் மட்டும் அது சரியாகிவிடாது.

அதே தெருவில் நாலு அடி தள்ளி புனித மரியன்னை இணைப் பேராலயம். 17-ஆம் நூற்றாண்டில் வந்த பிரெஞ்சு கப்புச்சின் சபைக் குருக்களின் வழியில் வந்தது. அதைப் பாரிமுனையில் யாரும் அந்தப் பெயரில் சொல்வதில்லை, 'அந்தோணியார் கோயில்' என்றால்தான் தெரியும். செவ்வாய்க்கிழமை போய்ப் பாருங்கள். மெழுகுவத்தியும் மாலையும் விற்பவர்கள் தெருவை அடைத்திருப்பார்கள். வரிசையில் பொட்டு வைத்தவர்கள், குல்லா போட்டவர்கள், பூக்காரி, வக்கீல், மூட்டை தூக்குபவர் எல்லாரும் உண்டு. எங்கள் கடையில் லோடு இறக்கும் அண்ணன் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுபவர். ஆனால் பையனுக்குக் காய்ச்சல் என்றால் நேராக அந்தோணியாரிடம்தான். "கேட்டா குடுக்குறாரு, அப்புறம் இன்னா?" என்பது அவர் கட்சி. வெளியே இருந்து வந்த சாமி ஒன்று ஊர்க்காரர்கள் கையில் முழுசாகப் போய்ச் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு இந்த வரிசை போதும்.

அடுத்து ராயபுரம். மேற்கு மாதா கோயில் தெருவில் இருக்கிறது பார்சிகளின், அதாவது பாரசீக வழி வந்த ஜொராஸ்ட்ரிய மதத்தவரின் அக்னிக் கோயில். தமிழ்நாட்டில் இது ஒன்றுதான். கூட்டிப் போனவர்களில் பாதிப் பேர் முகம் சுருங்குவது இங்கேதான், ஏனென்றால் பார்சி அல்லாதவர்கள் உள்ளே போக முடியாது. தெரிந்தவர், சிபாரிசு எதுவும் செல்லாது. "இவ்ளோ தூரம் வந்துட்டு வாசலைப் பார்க்கவா?" என்று என் சித்தப்பா கேட்டார். நம் ஊர்க் கோயில்களில் கொடிமரத்துக்கு அப்பால் வேற்று மதத்தவர் வரக் கூடாது என்று பலகை மாட்டியிருப்பதை நினைவுபடுத்தினேன். பேசாமல் நின்றார்.

உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குச் சொன்னவர் எங்கள் கடைக்கு அழைப்பிதழ்க் காகிதம் எடுக்க வந்த ஒரு பார்சி அம்மாள். பேத்திக்கு நவ்ஜோத், அதாவது மதத்துக்குள் சேர்க்கும் சடங்கு. "ஆன்ட்டி, உள்ள என்னதான் இருக்கும்?" என்று கேட்டேன். "நீ உள்ள வர முடியாது. ஆனா தெரிஞ்சுக்கக் கூடாதுன்னு எங்கயும் இல்ல, உட்காரு" என்றார். ஐம்பது வருடத்துக்கு மேல் ராயபுரத்துத் தமிழ் பேசிய வாய்.

அவர் சொன்னதன் சாரம் இது. உள்ளே சிலை கிடையாது. பெரிய உலோகப் பாத்திரத்தில் தீ. ஒரு நாளை ஐந்து வேளையாகப் பிரித்து, ஒவ்வொரு வேளையும் குரு அந்தத் தீக்குக் கட்டை இட்டு மணி அடித்து மந்திரம் சொல்வார். தீயை அணைய விடுவதில்லை. குரு அதன் அருகே போகும்போது மூச்சுக்காற்று படாமல் இருக்க வாயையும் மூக்கையும் வெள்ளைத் துணியால் மூடிக்கொள்வார். கும்பிட வருபவர்கள் முதலில் கை, முகம் கழுவி, தலையை மூடி, இடுப்பில் கட்டியிருக்கும் கஸ்தி என்ற கயிற்றை அவிழ்த்து, மந்திரம் சொல்லித் திரும்பக் கட்டுவார்கள். ஆட்டு ரோமத்தில் 72 இழை கொண்டு நெய்த கயிறு அது. தன் கைப்பையின் வாரை எடுத்து எப்படி முடிச்சுப் போடுவது என்று கடை மேசைமேலேயே காட்டினார், முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. கணக்குப் புத்தகத்தை நகர்த்தி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளியும் கல்லாவிலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

கோயில் பிறந்த கதையையும் அவரே சொன்னார். பார்சிகள் சென்னைக்கு வந்து ராயபுரத்தில் நிலம் வாங்கியது 1795 வாக்கில். நூறு வருடத்துக்கு மேல் கோயில் இல்லாமலேயே காலம் தள்ளினார்கள். பிறகு 1906-ல் பிரோஜ் கிளப்வாலா என்பவரின் மகன் ஜல் 13 வயதில் இறந்துபோனான். முறைப்படி சடங்கு செய்ய ஊரில் ஓர் அக்னிக் கோயில் இல்லை. அந்த ஆற்றாமையில் கட்டியதுதான் இது. 1910 ஆகஸ்ட் 7-ல் தீயை நிறுவினார்கள். வாசல் பெயரில் இன்றும் அந்தப் பையன் இருக்கிறான்: ஜல் பிரோஜ் கிளப்வாலா தர்-எ-மெஹர். தர்-எ-மெஹர் என்றால் அக்னிக் கோயில். மும்பையில் இருப்பதுபோல், இறந்தவர்களின் உடலைப் பறவைகளுக்கு விடும் அமைதிக் கோபுரம் இங்கே இல்லாததால், இறந்தவர்களைப் புதைக்கிறார்கள். இடுகாடும் அக்கம்பக்கத்திலேயே.

சென்னையில் பார்சிகள் சில நூறு பேர்தான். தீயைக் காப்பாற்றுவதே அவர்களுக்குப் பெரிய வேலை. வேடிக்கை பார்க்க வருகிறவர்களையும் சேர்த்துக் கவனிக்க அவர்களுக்குத் தெம்பு எங்கே இருக்கிறது? வாசலில் நின்று கம்பிக்கு வெளியே இருந்தே கட்டடத்தைப் பாருங்கள். கேட்டை ஆட்டாதீர்கள், காவலாளியின் கையில் நோட்டைத் திணிக்காதீர்கள். அந்தத் தெருவுக்குப் போன கையோடு ராயபுரம் ரயில் நிலையத்தையும் பார்த்துவிடலாம், தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் கிளம்பிய இடம்.

மூன்றாவது, தங்கசாலைத் தெரு. சௌகார்பேட்டையில் ஜெயின் கோயில் ஒன்றிரண்டு அல்ல. நான் கூட்டிப் போவது சந்திரபிரபு கோயிலுக்கு. இங்கே யாரும் உங்களைத் தடுக்க மாட்டார்கள், ஆனால் தயாராகப் போக வேண்டும். தோல் பொருள் எதுவும் கூடாது. செருப்பைத்தான் வெளியே விடுவோமே என்று என் தங்கை வீட்டுக்காரர் அலட்சியமாக வந்தார். பெல்ட்டும் தோல்தானே! கழற்றி வைத்துவிட்டு, சன்னிதி முழுக்க ஒரு கையால் பேண்டைப் பிடித்துக்கொண்டே சுற்றினார். பர்ஸும் அப்படித்தான். பையில் சாப்பாடு, தின்பண்டம் வேண்டாம். உள்ளே போட்டோ வேண்டாம். மாதவிலக்கு நாளில் பெண்கள் வர வேண்டாம் என்ற விதியும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அதற்காக வாசலில் நின்று சண்டை போட்டதும் இல்லை.

எனக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தவர் முதலாளியின் அம்மா. கடையில் எல்லாருக்கும் அவர் 'மாஜி'. அவரோடு ஒரு தடவை போனால் பத்துத் தடவை தனியாகப் போனதற்குச் சமம். வாசற்படியில் 'நிசீஹி' என்று மூன்று முறை சொல்லுவார், வீட்டுக் கவலையையும் கடைக் கவலையையும் வெளியே விட்டாயிற்று என்று அர்த்தமாம். தரிசனம் முடிந்ததும் மண்டபத்தில் குட்டையான ஒரு மணை முன்னால் உட்காருவார். சின்ன டப்பாவைத் திறந்து பச்சரிசியை மணைமேல் குவித்து, மோதிர விரலால் நகர்த்தி நகர்த்தி முதலில் ஸ்வஸ்திகம். அதற்கு மேலே மூன்று சிறு குவியல். அதற்கும் மேலே பிறை, பிறைக்குள் ஒரு குவியல். கை நடுங்கும் வயது, ஆனால் அரிசி ஒன்றுகூட வரிசை தப்பாது. "நாலு கை, நாலு பிறப்பு. தேவர், மனுஷங்க, மிருகம், நரகம். சுத்திக்கிட்டே இருக்கோம். மூணு வந்து நல்ல ஞானம், நல்ல நம்பிக்கை, நல்ல நடத்தை. அது இருந்தா மேலே போலாம், பேட்டி (மகளே)" என்று பிறையைக் காட்டுவார். அரிசியிலேயே மொத்தப் பாடத்தையும் முடித்துவிட்டு, கடைசியில் அதைக் கலைக்காமல் அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிடுவார்.

நம்மவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. தரிசனம் ஆனதும் பழக்கதோஷத்தில் பிரசாதத்துக்குக் கை நீளும். இங்கே பிரசாதம் கிடையாது. தீர்த்தங்கரருக்கு வைத்தது வைத்ததுதான், அதில் ஒரு மணி எடுத்து அவர்கள் வாயில் போட மாட்டார்கள். சந்தனம் இருந்தால் நெற்றியில் இட்டுக்கொண்டு வரலாம். சிலையைத் தொட்டுப் பூசை செய்ய வேண்டுமென்றால் அது வேறு ஏற்பாடு. குளித்து, தைக்காத துணி உடுத்தி, எட்டு மடிப்புத் துணியால் வாயையும் மூக்கையும் கட்டிக்கொண்டுதான் கிட்டே போவார்கள். இதை முதலில் பார்த்தபோது ராயபுரத்து ஆன்ட்டி சொன்னது ஞாபகம் வந்தது. கதிர்காமத்தில் முருகனுக்குப் பூசை செய்யும் கப்புறாளைகளும் வாயைக் கட்டிக்கொள்கிறார்கள். தீயோ கல்லோ வேலோ, மனித மூச்சு படக் கூடாது என்று மூன்று பேருக்கும் எப்படித்தான் தோன்றியதோ.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜெயின் என்றாலே சேட்டு என்று நினைக்கிறோம். வந்தவாசி, விழுப்புரம் பக்கம் தலைமுறை தலைமுறையாக இருக்கும் தமிழ்ச் சமணர்கள், நயினார்கள், இந்தச் சேட்டுகளுக்கு முந்தியவர்கள், திகம்பர மரபு. அவர்கள் கோயிலில் சிலைக்கு ஆபரணமோ பதித்த கண்ணோ இருக்காது. சௌகார்பேட்டையில் நீங்கள் பார்ப்பது சுவேதாம்பர மரபு, வெள்ளிக் கவசமும் பளிச்சென்ற கண்ணுமாக இருக்கும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் இருவருக்குமே மனசு சங்கடம்.

ஜெயின்களின் நோன்புக் காலமான பர்யுஷண் சமயத்தில் போனால் தெருவின் முகமே மாறியிருக்கும். ஆவணி வாக்கில் எட்டு நாள். எங்கள் கடையைச் சீக்கிரமே சாத்திவிடுவோம். முதலாளி வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிடும், சிலர் எட்டு நாளும் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் மட்டும்தான். கடைசி நாள் கழிந்து கடை திறந்ததும் முதலாளி ஒவ்வொருவர் முன்னாலும் வந்து கைகூப்பி 'மிச்சாமி துக்கடம்' என்பார். தெரிந்தோ தெரியாமலோ உங்களை நோகடித்திருந்தால் மன்னியுங்கள் என்று அர்த்தம். லோடு அண்ணன் முதல் வருடம் இது புரியாமல் வேலையை விட்டு அனுப்புகிறார்கள் என்றே பயந்துவிட்டார். சம்பளப் பாக்கி இருக்கும்போது இந்த மன்னிப்பை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கும் ஒரு வருடம் யோசனை இருந்தது. கேட்டேன், அந்த வாரமே கொடுத்தார்.

இந்த மூன்றிலும் சேராத இரண்டைச் சொல்லிவிடுகிறேன். சௌகார்பேட்டையில் ஜெனரல் முத்தையா முதலி தெருவில் பைராகி மடம் வெங்கடேசப் பெருமாள் கோயில் இருக்கிறது. லாகூர் பக்கமிருந்து வந்த லால் தாஸ் என்ற பைராகித் துறவி நிறுவியது என்பார்கள். இன்று உள்ளே போனால் வடக்கத்திச் சாயல் தேடினாலும் சுலபத்தில் கிடைக்காது. துளசி, தீர்த்தம், சடாரி, புளியோதரை. வந்தவரின் சாமி ஊர்ச் சாமியாகவே ஆகிவிட்டது. இன்னொன்று பவளக்காரத் தெரு. லண்டன் வழியாகப் பவளம் கொண்டுவந்து இங்கிருந்து வைரம் வாங்கிப்போன யூத வணிகர்கள் இருந்த தெரு. இன்று அங்கே போய்த் தேடினால் பவளமும் இல்லை, ஜெபக்கூடமும் இல்லை. மிஞ்சிய சில சமாதிக் கற்கள் ராயப்பேட்டைப் பக்கம் லாயிட்ஸ் சாலை யூத இடுகாட்டில் இருக்கின்றன.

நேரம் பிரிப்பது பற்றிக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது: ஞாயிறு காலை ஒன்பதேகாலுக்கு ஆர்மீனியர் கோயில் வாசலில் நில்லுங்கள். மணி கேட்டு, கல்லறைகளைச் சுற்றி முடித்ததும் மெட்ரோ பிடித்தால் வண்ணாரப்பேட்டை, அங்கிருந்து ராயபுரத்துக்கு ஷேர் ஆட்டோ. ஞாயிற்றுக்கிழமை பாரிமுனையில் லாரி இல்லாததால் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு நிம்மதியாக நடக்கலாம். தங்கசாலைத் தெருவை மட்டும் வேறு நாளுக்கு வையுங்கள், ஜிலேபியும் முறுக்கு சாண்ட்விச்சும் சாயங்காலம்தான் களை கட்டும், கோயிலில் ஆரத்தியும் அந்த நேரம்தான். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் கோயிலுக்குப் போகாமல், கோயிலை முடித்துவிட்டுச் சாப்பிடுங்கள், கையில் இருக்கும் பொட்டலத்தை எங்கே வைப்பது என்ற தொல்லை இருக்காது. புரட்டாசியில் திருப்பதிக்கு ஊர்வலமாகக் கொண்டுபோகும் குடை சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து கிளம்பி யானைக்கவுனி தாண்டும் நாளில் மட்டும் இந்தப் பக்கம் வண்டியை எடுக்காதீர்கள். குடை பார்க்கத்தான் வருகிறீர்கள் என்றால் காலையிலேயே வந்துவிடுங்கள்.